முதலில் ஷட்டர், அப்புறம்தான் விலை

நியூஜெர்சியின் எடிசன், கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட், டெக்சாஸின் ஃப்ரிஸ்கோ என்று தமிழர்கள் கூடி வாழும் அமெரிக்க ஊர்களில் வளரும் பிள்ளைகள் சிலருக்கு இப்போது பிலிம் கேமரா மேல் ஆசை வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளும் போன் சட்டைப்பையில் இருந்தும், ரோலுக்கு 36 படம் மட்டுமே தரும் பழைய பெட்டியைத் தேடி அலைகிறார்கள். பெற்றோருக்கு இது வீண் செலவாகத் தோன்றலாம். வீண் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைக் கணித்து, ஒரு கணம் யோசித்துப் பட்டனை அழுத்தப் பழகுவது நல்ல பயிற்சி. ஆனால் எந்த கேமராவை வாங்குவது, காசை எதில் போடுவது என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். ‘வேலை செய்கிறதா என்று சோதிக்கவில்லை’ என்ற குறிப்போடு இணையத்தில் 40 டாலருக்குக் கிடைப்பதை வாங்கி, அதில் பிலிமைப் போட்டுப் பாழாக்குகிறார்கள்.

கையில் காசு குறைவு என்றால் எம்42 திருகு லென்ஸ் கேமராக்களே சரியான தேர்வு. 42 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் புரி. பாட்டில் மூடியைத் திருகுவதுபோல லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். 1949இல் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த காண்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவத் தொடங்கிய இந்த அமைப்பை ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1957இல் தன் பென்டாக்ஸுக்கு எடுத்துக்கொண்டது. யாஷிகா, மாமியா, ரிக்கோ, ஃபுஜிக்கா, ரஷ்யாவின் ஜெனித் என்று பிறகு பலரும் அதே புரிக்கு வந்தார்கள். ஒரு கம்பெனியின் பாடியில் இன்னொரு கம்பெனியின் லென்ஸ் பெரும்பாலும் மாட்டும் என்பதால் லென்ஸ் விலையும் கட்டுக்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் இவை ஏராளமாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1970களின் நடுப்பகுதி வரை பென்டாக்ஸை இங்கே இறக்குமதி செய்து விற்றது ஹனிவெல் நிறுவனம். அதனால்தான் இந்த ஊர்ப் பழைய பென்டாக்ஸ்களின் நெற்றியில் ‘ஹனிவெல் பென்டாக்ஸ்’ என்று பொறித்திருக்கும். சியர்ஸ் கடைகள் ரிக்கோ தயாரித்த எம்42 கேமராக்களைத் தங்கள் பெயரிலேயே விற்றன. அன்று வாங்கியவர்களின் அலமாரியிலும் கேரேஜிலும் கிடந்தவைதான் இப்போது எஸ்டேட் சேலிலும் குட்வில் கடையிலும் வெளியே வருகின்றன. பால் மெக்கார்ட்னி 1963–64இல் பென்டாக்ஸில் எடுத்த பீட்டில்ஸ் படங்கள் 2025இல் சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தக் காலத்துப் பெட்டியால் என்ன முடியும் என்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கலர் ரோல் சுமார் 10 டாலர். கழுவி ஸ்கேன் செய்ய லேப் சுமார் 15 டாலர் வாங்கும். ஆக ரோலுக்கு 25 டாலர். பத்து ரோலுக்குள் 250 டாலர் போய்விடும். (ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிமை அப்பாக்கள் சிலருக்கு நினைவிருக்கும். அதன் ஆலை மூடப்பட்டுவிட்டது. நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் கோடாக் இன்னும் பிலிம் செய்கிறது, ஆனால் விலை அன்றைய விலை அல்ல.) ஷட்டர் கெட்ட கேமராவில் இரண்டு ரோல் வீணானால் 50 டாலர் நஷ்டம். எடுத்த படங்களும் திரும்பி வராது. பாடியில் மிச்சம் பிடித்த காசு இப்படித்தான் பிலிமில் கரைகிறது.

ஆகவே பார்க்க வேண்டிய முதல் உறுப்பு ஷட்டர். கீறல், தேய்ந்த பெயின்ட், நசுங்கிய மூலை எதுவும் படத்தில் விழாது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் செத்திருந்தாலும் போனில் ஒரு மீட்டர் ஆப் போதும். அதுவும் இல்லையென்றால் பழைய விதி இருக்கிறது: நல்ல வெயிலில் எஃப்16 வைத்து, பிலிம் 200 என்றால் வேகம் 250இல் ஒன்று. டெக்சாஸ் கோடை வெயிலில் இது நன்றாகவே கைகொடுக்கும்.

சோதிக்க அதிக நேரம் பிடிக்காது. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, வேகத்தை 1000இல் வைத்து, வெளிச்சமான ஜன்னலை நோக்கி அழுத்த வேண்டும். செவ்வகம் முழுவதும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று அர்த்தம். அடுத்து 30இல் ஒன்று வைத்து, போனின் ஸ்லோ மோஷனில் 240 பிரேமில் பதிவு செய்தால் ஏறக்குறைய எட்டு பிரேமுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். பதினைந்து பிரேம் தெரிந்தால் உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கிறது. படம் எடுத்தபின் உள்ளிருக்கும் கண்ணாடி மேலேயே நின்றுவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய பென்டாக்ஸில் இது சகஜம்: இரண்டாவது திரை கடைசி வரை ஓடத் தெம்பில்லாமல் நிற்பதால் வரும் கோளாறு. கதவோரத்து ஸ்பாஞ்ச் தார் மாதிரி ஒட்டினால் கவலை வேண்டாம், புதிது ஒட்டலாம். ஹூஸ்டன் மாதிரி ஈரக்காற்று ஊரிலிருந்து வரும் லென்ஸில் பூஞ்சைதான் கவலை. பென்டாக்ஸின் சில டாகுமார் லென்ஸ்கள் மஞ்சளித்திருக்கும், அவை ஜன்னலோர வெயிலில் தெளிந்துவிடும்.

இனி எந்த மாடல்? 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கை முதலில் சொல்ல வேண்டும். அதன் ஷட்டருக்கு பேட்டரியே தேவையில்லை. மீட்டருக்கு மட்டும்தான் வேண்டும். அந்தக் காலத்துப் பாதரச பட்டன் பேட்டரி விற்பனையை அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. ஆனாலும் ஸ்பாட்மேட்டிக்கின் மின்சுற்று வோல்டேஜ் வித்தியாசத்தைச் சமாளிக்கும் வகையில் அமைந்ததால், இன்றைய சில்வர் ஆக்சைடு பேட்டரியை ஒரு சிறு ரப்பர் வளையத்தோடு பொருத்தினாலே மீட்டர் முள் சரியாக ஆடும். அதிலும் எஸ்பி500 மாடலுக்கு செல்ஃப் டைமர் கிடையாது, டயலிலும் 500 வரைதான் எழுதியிருக்கும். அதனாலேயே சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். படம் எடுப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல.

ஃபுஜிக்கா எஸ்டி801 அழகான கேமரா. வேகம் 2000 வரை போகும், வியூஃபைண்டரில் முள்ளுக்குப் பதில் எல்இடி விளக்குகள். அந்த எலக்ட்ரானிக்ஸ் கெட்டால் சரி செய்ய ஆள் கிடைப்பது கடினம். ஜெனித் இ மலிவானது, ஆனால் கனம், வேகம் 30 முதல் 500 வரைதான், வியூஃபைண்டரும் மங்கல். பட்டனை அழுத்தும்போது லென்ஸின் துளையைத் தானே சுருக்கவும் அதற்குத் தெரியாது. அதோடு வரும் ஹீலியோஸ் லென்ஸ் அருமையானது. லென்ஸை வைத்துக்கொண்டு பாடியை அலமாரிக்கு அனுப்பலாம்.

வாங்குமிடமும் முக்கியம். நியூஜெர்சியில் 1929 முதல் நடக்கும் இங்லிஷ்டவுன் ஏலச்சந்தை, கலிபோர்னியாவில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும் அலமீடா பாயின்ட் பழம்பொருள் சந்தை, டெக்சாஸ் கேன்டனின் ஃபர்ஸ்ட் மண்டே சந்தை மூன்றும் சுற்றிப் பார்க்கச் சுகமானவை, பேரம் பேசலாம். ஆனால் மேற்சொன்ன சோதனையை அங்கேயே செய்துவிட வேண்டும், திருப்பிக் கொடுக்க வழி இருக்காது. முதல் கேமரா வாங்குபவர் ஃபேர்ஃபீல்டின் யூனிக் போட்டோ, பெர்க்லியின் லுக்கிங் கிளாஸ், ஆஸ்டினின் பிரிசிஷன் கேமரா போன்ற கடைகளில் பழைய கேமரா பகுதியைப் பார்ப்பது மேல். எந்தக் கடையானாலும், எப்போது சர்வீஸ் ஆனது, எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

பென்டாக்ஸ் பெயரை இன்று கையில் வைத்திருக்கும் ரிக்கோ, 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புது பிலிம் கேமராவை 500 டாலருக்கு அமெரிக்காவில் வெளியிட்டது. புது பிலிம் கேமரா வருவது மகிழ்ச்சிதான், ஆனால் அதில் லென்ஸை மாற்ற முடியாது. சர்வீஸ் செய்த ஸ்பாட்மேட்டிக்கையும் ஒரு 55 மில்லிமீட்டர் டாகுமாரையும் 200 டாலருக்குள் முடித்தால், அதே பணத்தில் மீதி 300 டாலருக்குப் பன்னிரண்டு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேனும் செய்யலாம். பிறந்தநாளுக்கு எதை வாங்கித் தருவது என்று யோசிக்கும் பெற்றோர் அந்தப் பன்னிரண்டு ரோலையும் சேர்த்தே கொடுக்கட்டும்.