வாழைக் கம்பெனியும் வாஷிங்டனும்

"அமெரிக்கா தீர்மானித்தது" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. யார் அந்த அமெரிக்கா? ஜனாதிபதியா, மந்திரியா, கம்பெனிக்காரனா, பத்திரிகைக்காரனா? தோட்டத்தில் பிழைக்கும் நாம் இதை விளங்கிக்கொள்ள, மத்திய அமெரிக்காவிலுள்ள குவாட்டமாலாவின் கதையே போதும். அதுவும் ஒரு தோட்டக் கதைதான் தோழர்களே!

அங்கே ரப்பர் இல்லை, வாழை. தோட்டத்துக்குச் சொந்தக்காரன் யுனைடெட் ஃபுரூட் என்னும் பாஸ்டன் நகரத்துக் கம்பெனி. ரயில் பாதையும் துறைமுகமும்கூட அதன் பிடியில். கம்பெனி நிலத்தில் பெரும்பகுதி பயிரின்றிக் கிடக்க, குடியானவனுக்கோ கையகல நிலமில்லை. 1950 தேர்தலில் வென்ற ஹகோபோ ஆர்பென்ஸ், 1952 ஜூனில் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெருந்தோட்டங்களின் தரிசு நிலத்தை நஷ்டஈடு கொடுத்து எடுத்து, ஏழைகளுக்குப் பங்கிடும் சட்டம். தம் சொந்த நிலத்திலும் 1,700 ஏக்கரை அவர் இழந்தார்.

நஷ்டஈட்டுக் கணக்கில்தான் வேடிக்கை. வரியைக் குறைப்பதற்காகக் கம்பெனி தானே எழுதிக்கொடுத்திருந்த மதிப்பையே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பசிபிக் கரையோரத் தோட்டத்தில் எடுத்த நிலத்துக்கு வந்தது சுமார் 6 லட்சத்து 27 ஆயிரம் டாலர். போதாது, 1 கோடியே 58 லட்சம் டாலர் வேண்டும் என்று 1954 ஏப்ரலில் கோரிக்கை போயிற்று. கோரியது கம்பெனியல்ல, கவனியுங்கள்! அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு இலாகா.

கம்பெனிக்கும் சர்க்காருக்கும் இடையே சுவரே இல்லை. வெளிநாட்டு மந்திரி ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். சி.ஐ.ஏ. உளவு ஸ்தாபனத்தின் தலைவர் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்பு வேலை பார்த்த வக்கீல் நிறுவனம் இந்தக் கம்பெனிக்கு வேலை செய்தது. ஜனாதிபதி ஐசன்ஹோவரின் அந்தரங்கக் காரியதரிசியின் கணவரோ, கம்பெனியின் விளம்பர இலாகாத் தலைவர்!

பத்திரிகைகள் என்ன செய்தன? எட்வர்ட் பெர்னேஸ் என்ற கெட்டிக்கார விளம்பர நிபுணரைக் கம்பெனி அமர்த்தியிருந்தது. அவர் பெரிய பத்திரிகைகளின் ஆசிரியர்களையும் நிருபர்களையும் கம்பெனி செலவில் குவாட்டமாலாவுக்கு அழைத்துப் போனார். அவர்கள் கண்டதை எழுதினார்கள். எதைக் காட்டுவது என்பதைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. "கம்யூனிஸ்டு அபாயம்" என்ற கூச்சல் அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்தது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் சிட்னி குரூசனின் செய்திகள் ஆலன் டல்லஸுக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகை நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை போயிற்று. படையெடுப்பு நடந்தபோது அந்த நிருபர் குவாட்டமாலாவில் இல்லை.

1954 ஜூன் 18-ல், சி.ஐ.ஏ. பணமும் பயிற்சியும் கொடுத்த ஒரு சிறு படை எல்லை தாண்டியது. தலைவன் காஸ்டில்லோ ஆர்மாஸ். படையின் பலத்தைவிட, சி.ஐ.ஏ.யின் ரகசிய வானொலி கிளப்பிய பீதியே பெரிது. சொந்த ராணுவமும் கைவிடவே, ஜூன் 27-ல் ஆர்பென்ஸ் பதவி விலகினார்.

எல்லாம் கம்பெனி ஆட்டிவைத்த பொம்மலாட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆர்பென்ஸ் வீழ்ந்த சில நாட்களுக்குள், அதே அமெரிக்க அரசாங்கம் அதே கம்பெனியின் மீது ஏகபோகத் தடைச் சட்டப்படி வழக்குத் தொடுத்தது! வாஷிங்டன்காரர்களுக்குக் கம்யூனிசத்தைப் பற்றிய பயம் உண்மையாகவே இருந்தது. ஆர்பென்ஸுக்கு நெருங்கிய ஆலோசகர்களில் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். கம்பெனி அந்தப் பயத்தை உண்டாக்கவில்லை. அதற்குத் தீனி போட்டு வளர்த்து, தன் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டது. வாழைக்குலை சுமந்தவனுக்கு வாஷிங்டனில் வக்கீலும் இல்லை, நிருபரும் இல்லை.

புதிய ஆட்சியில் பங்கிட்ட நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது. வாழைத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பதிவு ரத்தாயிற்று. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் சுமார் 2 லட்சம் பேர். 1999 மார்ச்சில் ஜனாதிபதி கிளின்டன் குவாட்டமாலாவுக்கே போய், கொடுமை செய்த படைகளுக்கு அமெரிக்கா துணை நின்றது தவறு என்றார். அப்போது ஆர்பென்ஸ் இறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.