பகைவன் வேடம்

சென்ற ஞாயிறு, மழைக்கு நோர்வூட் லயமொன்றில் ஒதுங்கினோம். அங்கே உயர்தர மாணவர் ஒருவர் கணினியில் வேடம் புனைந்து ஆடிக்கொண்டிருந்தார். மாசியிலே காமன் கூத்துக்கு வேடமிடும் மண்ணல்லவா, நாமும் அமர்ந்துவிட்டோம்.

2005இல் வெளிவந்த 'கில்ட் வார்ஸ்' அவருடைய தமையனாரின் உயிர். அதில் 'சார்' என்னும் கொம்புடைய விலங்கு மாந்தர் அஸ்கலோன் நாட்டை எரித்தனர். ஆடுவோர் அவரை வெறுத்தே பழகினர். 2012இல் வந்த இரண்டாம் பாகமோ 250 ஆண்டுகளுக்குப் பிந்திய கதை. இதில் அந்தப் பகைவராகவே வேடம் பூணலாம்! தம்பி அவ்வாறே பூண்டிருந்தார்.

"நாங்கள் காத்த ஊரடா அது" என்றார் தமையனார், கதவோரம் நின்றபடி. இடிபாடுகளிடையே மனிதரின் ஆவிகள் இன்னமும் போரிட்டுக்கொண்டிருந்தன.

காட்சிகள் கண்ணுக்கு விருந்து. முதற் பாகத்தில் குதிக்கவும் இயலாது. இதில் பாறைக்குப் பாறை தாவலாம். மாதச் சந்தா இரண்டுக்குமே இல்லை. 2015 முதல் அடிப்படை ஆட்டம் இலவசம். பதிவிறக்கத்துக்கான டேட்டாச் செலவைத் தாயாரிடம் எவரும் சொல்லவில்லை போலும்! பழைய வேடம் புதியதற்குள் வாராது என்பதே எமக்குக் குறையாகப்பட்டது.

மழை விட்டு எழுந்தபோது தமையனார் அருகே அமர்ந்து, "இப்படிப் போ, பழைய மதில் அங்கேதான்" என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்.