மெய்யுரையே ஆறுதல்

சினைப்பைக் கட்டிக்காகச் சத்திர சிகிச்சைக்குச் செல்லும் பெண், அஞ்சுவாளென்று உண்மையை மறைத்தலே அன்பென நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நாம் அதற்கு உடன்படோம்.

1809-இல், மயக்க மருந்து வழக்கிலில்லாத நாளில், அமெரிக்க நாட்டுக் கெண்டக்கி மாகாணத்து வைத்தியர் எஃப்ரயீம் மக்டோவல், ஜேன் கிராபோர்டு அம்மையாரிடம், இச்சிகிச்சை ஒரு பரீட்சையே, அபாயமுமுண்டு என்று ஒளியாதுரைத்தார். அம்மையார் இசைந்து, 60 மைல் குதிரைமீது சென்று, சங்கீதங்களை ஓதியவண்ணம் சகித்தாரென்பர். பின்னும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இன்றோ மயக்க மருந்துண்டு. இக்கட்டிகளுட் பெரும்பாலன புற்றல்ல. ஆயினும் அகற்றிச் சோதித்த பின்னரே அவற்றின் தன்மை திண்ணமாய்த் தெரியும். ஆதலின் எது அகற்றப்படும், சினைப்பை எஞ்சுமா, ஓய்வு எத்தனை நாள் என்பவற்றை அவள் முன்னரே வினவட்டும். வினவுதல் அவிசுவாசமன்று, ஆவதைச் செய்து, ஆகாததைக் கர்த்தரிடம் ஒப்புவித்தலே விசுவாசம்.