சுமை யார் தலையில்?

பழங்குடியிருப்போரின் வாடகையை உயர்த்தலாமா என்போர் பினாங்கை நோக்குக. 1948 ஜனவரி 31க்குள் எழுந்த கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிவைத்தது. கூலி ஏறிற்று, ஓட்டின் விலை ஏறிற்று, வாடகையோ அவற்றோடு ஏறவில்லை. கூரை ஒழுகிற்று. வீட்டுக்காரர் முறையீட்டில் நியாயமுண்டு, மறுப்பாரில்லை.

ஆயின் நேர்ந்தது யாது? 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. 2000 ஜனவரி முதல் வாடகைக்கு வரம்பே இல்லை. தலைமுறைகளாய் வாழ்ந்த ஏழைகள் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியேறினர்.

ஏழையைத் தாங்குவது சமுதாயத்தின் கடன்! அச்சுமையை முன்னர் வீட்டுக்காரர் தலையில் ஏற்றினோம். பின்னர் ஏழையின் தலைக்கே மாற்றினோம். செலவுக்கேற்ப வாடகை படிப்படியாய் ஏறட்டும். ஏழையால் இயலாத மிகுதியை அரசாங்கம் செலுத்தட்டும். அதுவன்றோ நீதி!