கோன் பில்டர்: காசு கொடுத்துச் சூட்டை வாங்குகிறோமா?

எங்களிடம் படித்த தம்பிமார் சிலர், லீசிங் கட்டி முடியாத காரிலும் கம்பனி எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கோன் பில்டர் பூட்டுகிறார்கள். குளிர்ந்த காற்று போகும், இழுவை கூடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொனட்டைத் திறந்து பார்த்தால் அது ரேடியேட்டருக்குப் பின்னால், இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அங்கே குளிர்ந்த காற்று எங்கிருந்து வரும்?

பெரும்பாலான கார்களில் கம்பனிப் பெட்டியின் வாய், முன் கிரில் பக்கமாகவோ லைட்டுக்குப் பின்னாலோ நீண்டு வெளிக்காற்றை எடுக்கும். அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பார்க்க அழகில்லைதான். ஆனால் சூட்டை எளிதில் கடத்தாது. பளபளக்கும் அலுமினியக் குழாய் கடத்தும்.

கச்சான் வீசும் மாதங்களில் கல்முனை பஸாருக்குள் கார் ஊர்ந்து போகிறது என்று வைப்போம். வெளியே 35 பாகை, பொனட்டுக்குள் 60 பாகை. (கணக்குப் போடுவதுதானே எங்கள் தொழில்!) அமுக்கம் மாறாதபோது வளியின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு நேர்மாறு விகிதம். 308ஐ 333ஆல் வகுத்தால் 0.925. நூற்றுக்கு ஏழரைப் பங்கு வளி குறைவு, ஒட்சிசனும் அப்படியே. போதாததற்கு, வளி சூடானால் இஞ்சின் தட்டாமலிருக்க, கம்பியூட்டர் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும். 1000 சீசீ காரில் இழக்க என்ன மிச்சம் இருக்கிறது?

திறந்த ரோட்டில் வேகமாக ஓடும்போது காற்றோட்டத்தில் பொனட்டுக்குள் சூடு இறங்கும், வித்தியாசமும் சுருங்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் நமது ஓட்டம் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி.

"சத்தமே மாறிட்டு சேர்" என்பார்கள். மாறும்தான். சத்தத்தை அடக்கிய பெட்டியைக் கழற்றினால் மாறாதா? வாப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் காசு இந்தச் சத்தத்துக்கா போக வேண்டும்?

பூட்டியவர்கள் எங்களை நம்ப வேண்டாம். கராஜில் ஸ்கேனரை மாட்டி, நெரிசலில் ஓடும்போது உள்ளே போகும் வளியின் வெப்பநிலையைப் பாருங்கள். கூடினால் பில்டரைச் சுற்றி மறைப்புப் போட்டு, முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் கொடுங்கள். பம்பருக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். மாரி வெள்ளத்தில் தண்ணீரை உறிஞ்சினால் இஞ்சினே போய்விடும்.

இன்னும் பூட்டாதவர்கள் கம்பனிப் பெட்டிக்குள் புதுப் பேப்பர் பில்டர் ஒன்றைப் போட்டால் போதும். கழற்றியவர்கள் அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம். கார் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.