வாசல் கிழக்கு... வெள்ளம் எந்தப் பக்கம்?

சென்னைக்கு வெளியே, முடிச்சூர் பக்கம் ஒரு தனி வீடு விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். விளம்பரம் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அரை கிரவுண்டு மனை. இரண்டு பெட்ரூம். கிழக்கு பார்த்த வாசல். சி.எம்.டி.ஏ. அப்ரூவல். பேங்க் லோன் உண்டு. தாம்பரம் ஸ்டேஷன் பத்தே நிமிடம் (எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது!). ஸ்கூல் பக்கம், கோயில் பக்கம், நல்ல தண்ணீர்.

தண்ணீர் நல்ல தண்ணீர்தான். மழைக்காலத்தில் எத்தனை அடி உயரத்துக்கு வரும் என்பதை மட்டும் போட மாட்டார்கள்.

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அடையாறு கரை தாண்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மக்களைப் படகு வைத்து மீட்டார்கள். 2021 நவம்பரில் அதே பகுதியில் மறுபடி வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் இன்னொரு தடவை. ஊருக்கே தெரிந்த இந்த விஷயத்துக்கு விளம்பரத்தில் ஒரு வரி இடம் கிடையாது.

"வாங்குறவன்தான் விசாரிக்கணும்" என்பார்கள். யாரிடம்? வீட்டைக் காட்டுவது ஏப்ரல், மே மாதத்தில். சுவரில் புது பெயின்ட். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்பார். உண்மையைச் சொன்னால் அவர் வீட்டு விலையும் சேர்ந்து இறங்குமே! வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரியும், கிரயம் தெரியும். வெள்ளம் தெரியாது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டால், ப்ராஸ்பெக்டஸில் என்னென்ன ரிஸ்க் என்று பக்கம் பக்கமாக எழுதியாக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் போடுகிறவனுக்கே அந்தப் பாதுகாப்பு. இருபது வருட இ.எம்.ஐ.க்குக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு என்ன இருக்கிறது? "கிழக்கு பார்த்த வாசல்"!

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55-ஐப் பாருங்கள். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது அப்படிப்பட்ட குறையா என்று கோர்ட்டில் வாதாடி ஜெயிப்பதற்குள் இன்னும் நாலு மழைக்காலம் போய்விடும். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டமும் பில்டர்களின் புதுத் திட்டங்களுக்குத்தான். பழைய வீட்டைக் கைமாற்றும் தனிநபருக்கு அது பொருந்தாது.

"வெளிப்படையாகச் சொன்னால் வீடு விலை போகாதே, மிடில் கிளாஸ் ஓனர் பாவம் இல்லையா?" பாவம்தான். ஆனால் சொல்லாமல் விற்றால் அந்த நஷ்டம் எங்கே போகிறது? அடுத்த மிடில் கிளாஸ்காரன் தலையில் போய் விழுகிறது. கணக்கில் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

தேவை ரொம்பச் சின்ன விஷயம். கிரயப் பத்திரத்திலும் விளம்பரத்திலும் ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும்: 2015, 2021, 2023-ல் இந்த வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் நின்றது? பிறகு கால்வாய் வெட்டியிருந்தால் அதையும் தாராளமாக எழுதட்டும். வாங்குபவர் படித்துவிட்டு முடிவு செய்துகொள்வார்.

அதுவரை வீடு பார்க்கப் போகிறவர்கள் நவம்பர் மாதம், நல்ல மழையில் போங்கள். ஓனர் தேதியை மாற்றிச் சொன்னால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.