வரப்புக்குப் போகும் நிலம்

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு பாயும் வயல்களைக் கண்டவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே விளங்கும்: வயலைப் பல துண்டாக்கினால் வரப்பு பெருகும், வரப்பு பெருகினால் நெல் குறையும். கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. விலாசம் வழங்குவதிலும் இதே கணக்குத்தான்.

192.168.1.70 என்பது போல் நான்கு எண்கள் சேர்ந்தது ஒரு விலாசம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இதில் தெரு எது, வீட்டு எண் எது என்று காட்டுவதே ‘சப்நெட் மாஸ்க்’. 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் தெரு. கடைசி எண் வீடு. தெருவில் எண்கள் 256. குடியிருக்கத் தக்கவையோ 254. ஏனெனில், 0 தெருவுக்கே பெயராகிறது. 255 எல்லா வீட்டுக்கும் ஒருங்கே தண்டோராப் போடும் எண்.

மாஸ்க்கின் கடைசி எண்ணை 192 ஆக்கினால், அதே தெரு 64 எண்கள் கொண்ட நான்கு தெருக்களாகும். மேற்சொன்ன 70, 64 முதல் 127 வரையுள்ள தெருவைச் சேரும். 64 பெயருக்கு, 127 தண்டோராவுக்கு, மிச்சம் 62. நான்கிலும் சேர்த்து 248. பதினாறு தெருவாக்கினால் 224. அறுபத்துநான்கு ஆக்கினாலோ தெருவுக்கு இரண்டே வீடு, மொத்தம் 128. பாதி நிலம் வரப்புக்கே போயிற்று!

ஆனால் வரப்பே வேண்டாமென்பதும் விவேகமன்று. பள்ளிக்கூடத்தில் மாணவர் யந்திரங்களும் மார்க்குப் பதிவேடுள்ள ஆபீஸ் யந்திரமும் வெவ்வேறு தெருவில் இருந்தால்தான் நடுவே காவல் வைக்க முடியும். மாணவர் அறையில் 60 யந்திரங்கள் என்றால் 64 எண் கொண்ட தெரு போதுமென்று தோன்றும். ரூட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று கொடுத்தால் 62-ம் தீர்ந்தது! அடுத்த வருஷம் வரும் யந்திரம் வாசலில் நிற்கும். ஆகவே 128 கொண்ட தெருவே தகும்.

192.168 என்று தொடங்கும் எண்களை வீட்டுக்குள் எவரும் இனாமாக வழங்கலாம். வெளியுலக விலாசங்களுக்குத்தான் பஞ்சம். உலகத்துக்கே மொத்தம் 429 கோடிச் சொச்சம். ஆதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலை ஒன்றுக்கே 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். தேவைக்கேற்ற அளவில் பிரித்துக் கொடுக்கும் முறை 1993-ல்தான் வந்தது. 2011 பிப்ரவரி 3-ந் தேதி பொதுக் களஞ்சியம் காலியாயிற்று. 140 கோடி ஜனங்களைக் கொண்ட நம் தேசம் பந்திக்குப் பிந்தியே வந்தது. ஐ.பி.வி.6 என்னும் புது முறையில் விலாசங்களுக்குக் குறைவில்லை. எனினும், அளவறிந்து பங்கிடும் கணக்கை நம் பிள்ளைகள் கற்றே ஆகவேண்டும்.